பள்ளி விளையாட்டுப் பாதுகாப்பு: பெட்டியா, பயிற்சியா, கருவியா, வார்ம்-அப்பா?

பிள்ளைகளின் விளையாட்டுப் பாதுகாப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே பேச்சு ஒரு முதலுதவிப் பெட்டியில் வந்து நிற்கும். அது இயல்புதான். பெட்டி கண்ணுக்குத் தெரியும், ஒரே நாளில் வாங்கிவிடலாம், வாங்கியதற்கு ரசீதும் இருக்கும். ஆனால் கையிலிருக்கும் பணமும் நேரமும் எல்லாவற்றுக்கும் போதாது என்கிறபோது எதற்கு முதலிடம் என்று கேட்டால், நான் பெட்டியைச் சொல்ல மாட்டேன்.

ஒரு பள்ளிக்கு முன்னால் பொதுவாக இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். நல்ல முதலுதவிப் பெட்டி, முடிந்தால் அதற்கொரு அறை. ஆசிரியர்களுக்கு முதலுதவிப் பயிற்சி. தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஏஇடி கருவி. விளையாட்டுக்கு முன் முறையான வார்ம்-அப். பாதுகாப்புக் கவசங்களும் மைதானப் பராமரிப்பும். கடைசியாக, ஒரு செவிலியரை வேலைக்கு அமர்த்துவது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன் மைதானத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அங்கே இரண்டு வகையான ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று அடிக்கடி வருவது: கணுக்கால் சுளுக்கு, முட்டிச் சிராய்ப்பு, பந்து பட்டு வீங்கிய விரல், தொடைத் தசைப்பிடிப்பு. இவை உயிரை எடுப்பதில்லை, ஆனால் ஒரு பிள்ளையை வாரக்கணக்கில் உட்கார வைத்துவிடும். அரைகுறையாக ஆறிய கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரளும். இன்னொன்று எப்போதோ ஒருமுறை வருவது, வந்தால் சில நிமிடங்களில் முடிவைத் தீர்மானித்துவிடுவது: இதயம் நிற்பது, வெப்பத்தாக்கு, தலையிலோ கழுத்திலோ பலத்த அடி. எந்த வழியை எடுத்தாலும் அது முதல் வகையைக் குறைக்கிறதா, இரண்டாவது வகையில் அந்தச் சில நிமிடங்களுக்குள் உதவுகிறதா, ஆறு மாதம் கழித்தும் வேலை செய்யுமா என்று கேட்டுப் பார்ப்பதே நியாயமான ஒப்பீடு.

பெட்டி

பெட்டி எதையும் தடுக்காது, அடிபட்ட பிறகுதான் அதைத் திறப்போம். திறந்தாலும் அதில் நிஜமாகப் பயன்படுபவை சில பொருள்கள்தான்: கையுறை, சுத்தமான காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், க்ரேப் பேண்டேஜ், முக்கோணக் கட்டுத் துணி, ஒட்டும் டேப், பிளாஸ்டர், கத்தரிக்கோல், காயம் கழுவ சலைன், உடைத்தால் குளிரும் ஐஸ் பேக். இவ்வளவு இருந்தால் ஒரு சாதாரணப் பையே போதும். வலி மாத்திரை, களிம்பு, ஸ்ப்ரே என்று நிரப்பி வைப்பது பெட்டியைப் பெரிதாகக் காட்டுமே தவிர, பெற்றோரைக் கேட்காமல் ஒரு பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க ஆசிரியரால் முடியாது, கொடுக்கவும் கூடாது.

பெட்டியின் பெரிய பிரச்சினை அது இருக்கும் இடம். அலுவலக அறையில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் அன்று விடுப்பில் இருப்பார். மாலை பயிற்சியின்போது அலுவலகமே மூடியிருக்கும். ஆகவே எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மைதானத்துக்குக் கூடவே போகும் பைதான் நல்ல பை.

அப்புறம், பெட்டியால் ஒரு முடிவையும் எடுக்க முடியாது. கணுக்கால் பிரண்டு விழுந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பெட்டி தருவது க்ரேப் பேண்டேஜும் ஐஸ் பேக்கும். அந்த நேரத்தில் தெரிய வேண்டியதோ, இது சுளுக்கா, எலும்பு முறிவா என்பது. கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு எளிய விதி இதற்கு உதவும். கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் நுனியிலும் பின்விளிம்பிலும் விரலால் மெல்ல அழுத்தினால் வலிக்கிறதா? பிள்ளையால் தானாக நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? எலும்பில் வலித்தாலோ, நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. நடக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வளரும் பிள்ளைகளிடம் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் அவர்களின் எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு பல நேரங்களில் தசைநாரை விட பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அதே பிரளல் பிள்ளைக்கு எலும்பு முறிவாக முடியலாம்.

ஐஸ் விஷயத்திலும் பழைய பாடம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978இல் எழுதிப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் அவரே எழுதினார். ஐஸ் வலியைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும், தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. அழுத்தக் கட்டும் காலை உயர்த்தி வைப்பதும் இன்றும் சரிதான். ஆனால் முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு, நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதை விட வலி தாங்கும் அளவுக்கு மெல்ல அசைக்க ஆரம்பிப்பதையே இப்போது சொல்கிறார்கள்.

இன்னொன்று, பல் விழுவது. மோதலில் ஒரு நிரந்தரப் பல் வேரோடு கழன்று மண்ணில் கிடக்கிறது. எந்தப் பெட்டியிலும் இதற்கு மருந்து கிடையாது. பல்லை அதன் வெள்ளைப் பக்கத்தில் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது. மண் இருந்தால் லேசாக ஒரு அலசு, தேய்க்கக் கூடாது. பிள்ளை தெளிவாக இருந்தால் அதே குழியில் திரும்ப வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லிப் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். திரும்ப வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போகலாம், தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது. இங்கே வேலை செய்தது ஒரு டம்ளர் பாலும் தெரிந்த ஓர் ஆளும். என் தராசு பயிற்சியின் பக்கம் சாய்வது இதனால்தான்.

பயிற்சி

முதலுதவிப் பயிற்சிக்கு ஆகும் செலவு பெரும்பாலும் நேரம்தான். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும், பொம்மை வைத்துச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். பலன் என்ன என்பதை மூன்று சந்தர்ப்பங்களில் பார்க்கலாம்.

முதலில் இதயம். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை யாரும் மோதாமல், எதுவும் தடுக்காமல் சட்டென்று சரிந்து விழுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. கை கால் லேசாக உதறலாம், அதைப் பார்த்து வலிப்பு என்று நினைப்பார்கள். இடைவெளி விட்டு வாயைத் திறந்து மூச்சு இழுக்கலாம், அதைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்று நினைப்பார்கள். இந்த இரண்டு தவறான கணிப்புகளிலும் பொன்னான நிமிடங்கள் போய்விடும். விளையாட்டில் இப்படி விழுந்த பிள்ளைக்கு உணர்வும் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, இன்னொருவர் மார்பின் நடுவில் அழுத்த ஆரம்பிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர விட வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்ததைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர் பிழைத்தது, விழுந்த இடத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சியும் கொடுத்ததால். அங்கே மருத்துவக் குழு எல்லைக்கோட்டில் தயாராக நின்றது. பள்ளி மைதானத்தில் அந்தக் குழு வேறு யாருமில்லை, நிற்கிற ஆசிரியர்தான்.

இரண்டாவது வெப்பத்தாக்கு. கடும் வெயிலில் ஓடிய பிள்ளை தள்ளாடுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறது, கோபப்படுகிறது, பிறகு விழுகிறது. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று அவசியமில்லை, வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும்போது மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெட ஆரம்பிக்கும். எல்லோருக்கும் உடனே தோன்றுவது, வண்டியில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு ஓடுவது. விளையாட்டு மருத்துவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு: முதலில் குளிர வை, பிறகு கொண்டுபோ. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் கழுத்து வரை இறக்கலாம். தொட்டி இல்லையென்றால் ஒரு தார்ப்பாயை நான்கு பேர் நான்கு மூலையில் தூக்கிப் பிடித்து, நடுவில் பிள்ளையைக் கிடத்தித் தண்ணீரும் ஐஸும் கொட்டலாம். தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். இதற்குத் தேவையான தார்ப்பாயும் தண்ணீரும் எல்லாப் பள்ளியிலும் கிடைப்பவை. அதைச் செய்யத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் அரிது.

மூன்றாவது தலையில் அடி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிக எளிதாகக் கவனத்திலிருந்து நழுவிப்போவது இதுதான். இருவர் பந்துக்குத் தாவித் தலை மோதிக்கொள்கிறார்கள். ஒருவன் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல சார்" என்கிறான். ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை. ஆட்டம் தொடர்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் அவன் தன் அணியின் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறான். ஸ்கோர் என்ன என்று பக்கத்துப் பையனிடம் கேட்கிறான், ஒரு நிமிடம் கழித்துத் திரும்பவும் கேட்கிறான். விசில் சத்தத்துக்குக் கண்ணைச் சுருக்குகிறான். அடியில் மூளை குலுங்கிப் பாதிக்கப்படும் மூளை அதிர்ச்சிக்கு நினைவு தப்ப வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மந்தம், எரிச்சல், ஒளி தாங்காமை போன்றவை சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

விதி நேரானது: சந்தேகம் வந்தால் வெளியே, அன்றைக்குத் திரும்பி உள்ளே வரக் கூடாது. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வேகமாக வீங்கிச் சாவு வரை போன சம்பவங்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளிடமே நடந்திருக்கின்றன. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, வலிப்பு, பெருகும் தூக்கம், கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போதல் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. மற்றபடி, முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, பிறகு மெல்லப் படிப்புக்கும் நடைக்கும் திரும்புவது, அதற்குப் பிறகுதான் படிப்படியாக விளையாட்டு, மோதல் உள்ள ஆட்டத்துக்கு முன் மருத்துவர் ஒப்புதல். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர்கள் வகுத்ததும் இந்த வரிசைதான்.

இதில் அறிவை விட முக்கியமானது அதிகாரம். இறுதிப் போட்டி, கடைசிப் பத்து நிமிடம், அணியின் சிறந்த ஆட்டக்காரன். அவனை வெளியே எடுக்கும் முடிவை, வெற்றி வேண்டும் என்று நிற்கும் பயிற்சியாளர் தலையில் போடுவது அவருக்கே அநியாயம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது: மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்த பிள்ளையை வெளியே எடுத்தாக வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தரும்வரை திரும்ப விடக் கூடாது. பிறகு மற்ற அமெரிக்க மாநிலங்களும் அதேபோல் சட்டம் போட்டன. சட்டம் வரும்வரை ஒரு பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் பயிற்சியாளர் அல்லாத ஒரு பெரியவரை நியமித்து, அவர் வெளியே என்றால் வெளியே, எதிர்ப்பேச்சு கிடையாது என்று தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

பயிற்சிக்கு உள்ள குறை, அது மறந்துபோகும். மார்பு அழுத்தும் திறமை சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கிறது. சான்றிதழில் இரண்டு வருடம் செல்லும் என்று போட்டிருக்கலாம், கை அவ்வளவு நாள் நினைவு வைத்திருக்காது. ஆகவே ஒரே ஒரு பெரிய பயிற்சி முகாமை விட, பருவத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பொம்மையை வெளியே எடுத்து எல்லோரும் அழுத்திப் பார்ப்பது அதிகப் பலன் தரும். உடற்கல்வி ஆசிரியருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்துவதும் சரியில்லை. அவர் ஓர் அணியோடு வெளியூர் போயிருக்கும் நாளிலும் மைதானத்தில் வேறு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். வகுப்பாசிரியர்கள், வாசல் காவலர், வண்டி ஓட்டுநர், மேல் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். 12 வயதிலிருந்து பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு மணி நேரம் இதயமீட்புப் பயிற்சி தர வேண்டும் என்ற பரிந்துரையை 2015இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்தது. நார்வே 1961லேயே இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்துவிட்டது.

ஏஇடி கருவி

இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்கும்போது அதைச் சீராக்க மின்னதிர்ச்சியைத் தவிர வேறு வழியில்லை. மார்பு அழுத்துவது நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இந்தக் கணக்கின்படி, ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்தாலும் தாமதம்தான். நெஞ்சில் பந்து வேகமாகப் பட்டு, இதயம் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான ஒரு கணத்தில் தடுமாறி நின்றுபோவதும் உண்டு. எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கும் அது நடக்கலாம்.

கருவியே பேசும். திறந்தால் எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லும், மின்னதிர்ச்சி தேவையா என்று தானே பார்த்து முடிவெடுக்கும், தேவையில்லாதவருக்குக் கொடுக்காது. 8 வயதுக்குக் குறைந்த சிறு பிள்ளைகளுக்கென்று தனி ஒட்டுத்தகடுகள் உண்டு. அவை இல்லையென்றால் பெரியவர்களுக்கானதையே ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலுமாக ஒட்டலாம். பயந்து சும்மா இருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

அப்படியானால் ஏன் இதற்கு முதலிடம் தரவில்லை? விலை ஒரு காரணம். பேட்டரியும் ஒட்டுத்தகடும் காலாவதியாகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், யார் மாதாமாதம் பார்ப்பது என்று முன்பே பெயர் எழுதி வைக்க வேண்டும். இதை விடப் பெரிய காரணம், பயிற்சி பெறாத கூட்டம் கருவி பக்கத்திலேயே இருந்தாலும் அதை எடுக்காது. விழுந்தவனுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும். பயிற்சி இருக்கும் பள்ளியில் இந்தக் கருவி வந்து சேர்ந்தால் அது கொடுக்கும் பலனுக்கு வேறு எதுவும் ஈடாகாது. வாங்கினால், மைதானத்தின் எந்த மூலையிலிருந்தும் ஓடிப்போய் எடுத்துவர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாத இடத்தில், பூட்டில்லாமல் வைக்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே ஒரு மாணவனை ஓடவிட்டு நேரம் பார்க்கலாம்.

வார்ம்-அப்

இந்தப் பட்டியலில் அடிபடுவதையே நேரடியாகக் குறைக்கும் வழி இது. பணம் ஏறக்குறைய தேவையில்லை. ஆனால் இதைச் சொன்னால் பலர் முகத்தில் உற்சாகம் இருக்காது, "அதான் செய்யறோமே" என்பார்கள். அவர்கள் செய்வது பெரும்பாலும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு, குனிந்து காலைத் தொட்டு நிற்பது. ஓரிடத்தில் நின்று தசையை நீட்டிப் பிடித்திருப்பது விளையாட்டுக் காயங்களைப் பெரிதாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

காயத்தைக் குறைப்பதாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை வேறு மாதிரியான பயிற்சிகள். கால்பந்துக்காக ஃபிஃபா மருத்துவ ஆய்வு மையம் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய 11+ என்ற திட்டம் இவற்றில் பிரபலமானது. சுமார் 20 நிமிடம், 15 பயிற்சிகள்: மெல்ல ஓட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, உட்கார்ந்து எழுதல், குதித்து இறங்குதல், வயிறும் இடுப்பும் பலப்பட பலகை போல் கிடத்தல், கடைசியில் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2008இல் வந்தது. ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன, கடுமையான காயங்கள் அதைவிட அதிகமாகவே குறைந்திருந்தன. 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த இன்னொரு வடிவத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. அந்தச் சிறுவர் வடிவத்தில் எப்படி விழுவது என்பதையும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி அது. கையை நீட்டி ஊன்றாமல் தோளை உருட்டி விழத் தெரிந்த பிள்ளையின் மணிக்கட்டு தப்பும்.

குதித்து இறங்குவதை ஒருமுறை பக்கத்திலிருந்து பாருங்கள். பத்துப் பிள்ளைகளைச் சின்ன மேடையிலிருந்து குதிக்கச் சொன்னால், சிலருக்கு இறங்கும் கணத்தில் இரண்டு முட்டிகளும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும், பாதம் தட்டென்று சத்தம் போடும், முட்டி மடங்காமல் விறைத்து நிற்கும். முட்டியின் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துபோவது பெரும்பாலும் இப்படி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும்தான், யாரும் மோதாமலே. பருவ வயதைத் தாண்டும் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். "சத்தம் வராமல் இறங்கு, முட்டி கால்விரலுக்கு நேராக வரட்டும்" என்ற இரண்டே வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் இறங்கும் விதம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

இதன் சிக்கல் நேரம். ஒரு விளையாட்டுப் பீரியடில் பாதி வார்ம்-அப்புக்கே போனால் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் எல்லாப் பயிற்சிகளையும் ஒரே நாளில் திணிக்காமல், ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல், விழும் முறை ஆகியவற்றைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்கி, பந்தையும் சேர்த்துக்கொண்டு செய்யலாம். முழுத் திட்டத்தின் பலனைச் சுருக்கிய வடிவம் அப்படியே தரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது விடாமல் செய்யும் அணிகளில்தான் காயம் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். இருபது நிமிடத் திட்டத்தை ஆரம்பித்து மூன்றாம் வாரமே கைவிடுவதை விட, பத்து நிமிடத்தை வருடம் முழுக்கத் தொடர்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கவசமும் மைதானமும், செவிலியரும்

கவசங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வாய்க் கவசம் பல்லைக் காக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாக நிறுத்தாது. கால் முன்னெலும்புக் கவசம் கால்பந்துக்குக் கட்டாயம், ஹாக்கிக்கும் நல்லது. எந்த விளையாட்டுக்கு எது விதியாக இருக்கிறதோ அதை மட்டும் சரியான அளவில் வாங்கினால் போதும்.

மைதானத்துக்குச் செலவே வேண்டாம், கண் வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஒருவர் முழுதாக ஒரு சுற்று நடந்து குழி, கல், கண்ணாடித் துண்டு, தண்ணீர்க் குழாய் மூடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நகர்த்தக்கூடிய கோல் கம்பங்களைத் தரையோடு கட்டாமல் விடுவது உயிராபத்து. பிள்ளைகள் அதில் தொங்கும்போது முன்பக்கம் சரிந்து தலையில் விழுந்து இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இதை இந்த வாரமே சரிபார்த்துவிடலாம்.

செவிலியர் இருக்கும் பள்ளி கொடுத்து வைத்தது. ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு உள்ள பிள்ளைகளின் மருந்தையும் விவரத்தையும் கவனிக்க அவரை விடச் சிறந்தவர் கிடையாது. ஆனால் அவர் இருப்பது அறையில், விபத்து நடப்பது மைதானத்தில், அதுவும் பல நேரம் அவர் வீட்டுக்குப் போன பிறகு. எனவே ஆசிரியர்களின் பயிற்சிக்கு அவர் மாற்று ஆக மாட்டார். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் செவிலியர் அறையில் இல்லாமல் அந்தப் பிள்ளையோடு மைதானத்தில் இருக்க வேண்டும்.

எந்த வரிசையில்

பணமே இல்லாத சிறிய பள்ளி என்றால்: வார்ம்-அப், தலையடி விதி, கோல் கம்பம், மைதானச் சுற்று. நான்குக்கும் முடிவு மட்டும் போதும். கூடவே அவசரத் திட்டம் ஒன்றை ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டும். யார் ஆம்புலன்ஸை அழைப்பது, யார் வெளி வாசலைத் திறந்து நிற்பது, யார் மற்ற பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துப் போவது, மைதானத்துக்கு வண்டி வரும் வழி எது என்று அதில் இருக்க வேண்டும்.

கொஞ்சம் பணம் இருந்தால் அடுத்தது பயிற்சி, குறைந்தது ஐந்தாறு பேருக்கு, பருவந்தோறும் மீள்பயிற்சியோடு. பிறகு மைதானத்துக்குக் கூடவே வரும் சிறிய பை. இன்னும் இருந்தால் ஏஇடி. பல பள்ளிகளைக் கூட்டிப் போட்டி நடத்தும் பெரிய பள்ளியோ, ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பள்ளியோ என்றால் இந்த வரிசையில் பைக்கு முன்னால் கருவியை வைத்துவிடுவேன். கருவியும் பயிற்சியும் ஒரே மாதத்தில் வர வேண்டும். வெயில் கொடுமையான பகுதிப் பள்ளிக்கு ஏஇடிக்கு முன்னால் தார்ப்பாயும் தண்ணீர்த் தொட்டியும். கூடவே, விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் வழக்கமும் வேண்டும்.

அடுத்த வருடம் எதற்குச் செலவழிப்பது என்பதை ஒரு நோட்டுப் புத்தகம் சொல்லிவிடும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி போதும்: தேதி, வகுப்பு, எந்த விளையாட்டு, மைதானத்தின் எந்த இடம், உடம்பில் எங்கே, என்ன செய்தோம், எப்போது திரும்பி விளையாட வந்தான். ஒரு பருவம் முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியரும் பெற்றோர் ஒருவரும் உட்கார்ந்து படிக்கட்டும். கணுக்கால் பிரளல்கள் மைதானத்தின் ஒரே மூலையில் குவிந்திருந்தால் அங்கே மண் அடிக்க வேண்டும். பீரியடின் முதல் பத்து நிமிடத்தில் தசைப்பிடிப்புகள் குவிந்திருந்தால் அந்த வகுப்பில் வார்ம்-அப் நடக்கவே இல்லை. தலையில் அடி என்று ஒரு வரிகூட அந்த நோட்டில் இல்லையென்றால், தலையடி எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாமல், அதை யாரும் கவனிக்கவில்லையா என்று விசாரிக்க வேண்டும்.